கொம்பையாவுக்கு வாய்க்காத பி.காம்.

கொம்பையா பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் மட்டும் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கியவன். கயத்தாறுக்குப் பக்கத்தில் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்பு யாரும் அந்த மார்க்கைத் தொட்டதில்லை. மற்ற பாடங்களில் அவன் சுமார்தான். வரலாறு அவனுக்கு வரவே வராது. ஆனால் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிக் கூட்டிவரும்போது கடைசியில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும் பாருங்கள், அந்த இடத்தில் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பி.காம். படிக்க வேண்டும், அதற்கு மேலும் படிக்க வேண்டும் என்று பதினாறு வயதிலேயே முடிவு செய்து வைத்திருந்தான்.

அப்பா இல்லாத வீடு. அம்மா கங்கம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்த்தான் அவனையும் அக்காவையும் வளர்த்தாள். 2009-ல் அக்கா கல்யாணம் முடிந்தபோது காலேஜ் என்ற பேச்சை எடுக்க அவனுக்கே வாய் வரவில்லை. அந்த மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். ஒரே நாளில் நூறு பையன்களுக்கு மேல் எடுத்து, மறுவாரமே பஸ்ஸில் ஏற்றிச் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் கொண்டு வந்து இறக்கினார்கள். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனி. வேலை நிரந்தரமில்லை, ஒப்பந்தக்காரர் மூலமாக. இரண்டு வருசம் பார்த்துவிட்டுப் படிக்கப் போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

வல்லம் வடகாலில் ரத்னா என்ற அம்மாளின் வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறை. ஆறு பையன்கள். கீழே ரத்னாவே மெஸ் நடத்தினாள். அவளுடைய நெல் வயல் இருந்த இடத்தில்தான் இப்போது ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. அறையில் இருந்தவர்களில் நாங்குநேரிப் பக்கத்து வனமாமலைதான் கொம்பையாவுக்கு நெருக்கம். ஒரே லைன், ஒரே ஷிப்ட், ஒரே பிரஸ். கொம்பையா ஒரு பக்கம் தகட்டை வைத்தால் வனமாமலை மறுபக்கம் எடுப்பான்.

தகட்டை அழுத்தும் அந்தப் பிரஸ்ஸின் முன்னால் ஒரு சென்சார் உண்டு. ஆளின் கை உள்ளே இருந்தால் அது இயந்திரத்தை இறங்க விடாது. ஆனால் தகடு கொஞ்சம் நகர்ந்தாலும் அது நிறுத்திவிடும். நின்றால் அந்த மணி நேரத்தில் அடிக்க வேண்டிய எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசருக்கு மேலிடத்தில் திட்டு விழும். 2011 அக்டோபரில் ஒரு காலை ஷிப்டில் சூப்பர்வைசர் வந்து சென்சார் ஒயரைக் கழற்றிவிடும்படி வனமாமலையிடம் சொன்னார். புது விஷயமில்லை, வாரத்தில் மூன்று நாள் நடப்பதுதான். வனமாமலை கழற்றினான். கொம்பையா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பத்தரை மணிவாக்கில் ஒரு தகடு கோணிக்கொண்டது. நேராக்குவதற்கு வலது கையை உள்ளே விட்டான். வனமாமலை பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது.

ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. மோதிர விரலில் பாதி. வனமாமலை தன் யூனிபார்ம் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வேனில் கூடவே வந்தான். ஆஸ்பத்திரியில் கொம்பையா கிடந்த பதினெட்டு நாளும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, அங்கிருந்தே ஷிப்டுக்குப் போய்வந்தான். சாதம் பிசைந்து ஊட்டியதும் அவன்தான். சென்சாரைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஒப்பந்தக்காரர் கொம்பையாவின் பெயரைத் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் பதியவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வக்கீல் அவனுக்காகத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். கம்பெனியோ விரல் இல்லாதவனுக்கு லைனில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டது. ஊருக்குத் திரும்பலாமென்றால் தீப்பெட்டி ஆபீசுக்கும் கை வேண்டும். ரத்னா அவனைத் தன் மெஸ்ஸில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்தாள். அந்த நாற்காலியில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தான். சாப்பிட வருகிற பையன்கள் டோக்கன் வாங்கும்போது முதலில் அவன் கையைப் பார்ப்பார்கள், பிறகு அவசரமாக வேறு பக்கம் பார்ப்பார்கள்.

மிச்சமிருந்தது படிப்பு ஒன்றுதான். 2012 ஜூனில் தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விண்ணப்பம் போட்டான். முதல் விருப்பம் பி.காம். இன்னொன்று எழுதியே ஆக வேண்டும் என்றதால் இரண்டாவதாக பி.ஏ. பொருளாதாரம் என்று எழுதினான். பட்டியல் ஒட்டிய திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பொருளாதாரத்தில் அவன் பெயர் இருந்தது. பி.காமில் காத்திருப்போர் வரிசையில் முப்பத்தொன்றாவது ஆள். வரலாற்று மார்க் அவனைக் கீழே இழுத்துவிட்டிருந்தது.

அலுவலகக் கண்காணிப்பாளர் சங்கரநாராயணன் அவன் கையைப் பார்த்தார், மார்க் ஷீட்டைப் பார்த்தார். பொய்யான ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

“போன வருஷம் இருபதோட நின்னுபோச்சு. முப்பத்தொண்ணு வராதுப்பா. எகனாமிக்ஸ் சீட்டு உனக்கு இருக்கு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டா உன்னோடது. இல்லன்னா அடுத்தவனுக்குப் போயிடும்.”

கொம்பையா மார்க் ஷீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தான். பொருளாதாரம் மட்டமான படிப்பு என்று அவன் நினைக்கவில்லை. ஆனால் அது பக்கம் பக்கமாக எழுதுகிற படிப்பு. மூன்று மணி நேரம் நிறுத்தாமல் கட்டுரை எழுத வேண்டும். கணக்கு என்றால் வேலையில் பாதி மண்டைக்குள் நடந்துவிடும், கை எண்களை மட்டும் இறக்கினால் போதும். எட்டு மாதமாக அவன் இடது கையில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தான். நாற்பது நிமிடம் ஆனது. எழுத்துகள் மழையில் நனைந்த கோழிகளைப் போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. அந்தத் தாளைச் சுருட்டிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் கம்பெனி கார் ரத்னா வீட்டு வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் காசிராஜன், கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி. அதட்டத் தெரியாத மனிதர். மாடிப்படி ஏறி வந்து, அறையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கை எப்படி இருக்கிறது என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்தக் கல்லூரியில் கம்பெனி சிபாரிசு செய்யும் ஆளுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் ஒன்று கிடைக்கும், பி.காமிலேயே வாங்கித் தரலாம், மூன்று வருடச் செலவும் கம்பெனியுடையது. முடித்துவிட்டு வந்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவில் நாற்காலி. அதற்குக் கொம்பையா இரண்டு காரியம் செய்ய வேண்டும். வழக்கைத் திரும்பப் பெற வேண்டும். ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

வாக்குமூலத்தை அவரே படித்துக் காட்டினார். விபத்து நடந்த அன்று சென்சாரை வனமாமலை என்பவர் யாருடைய அனுமதியும் இல்லாமல் தானாகவே கழற்றினார் என்று அதில் டைப் அடித்திருந்தது.

“வெள்ளிக்கிழமை காலேஜுக்கு வர்றேன் தம்பி. லெட்டரோட வர்றேன். யோசிச்சு வை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொம்பையா யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் இருப்பது முழுப் பொய்யில்லை, கழற்றியது வனமாமலைதானே என்று ஒரு நேரம் தோன்றும். கழற்றச் சொன்னவர் பேர் எங்கே என்று அடுத்த நிமிடமே தோன்றும். பி.காம். என்ற சொல் மனதில் வந்ததும் உடம்பு முழுக்க ஒரு ஆசை பரவும். அந்த ஆசையின் மேலேயே அவனுக்கு அருவருப்பு வரும். புதன்கிழமை மெஸ்ஸில் இரண்டு பேருக்கு டோக்கனே கொடுக்காமல் விட்டுவிட்டான். ரத்னா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

“இன்னாப்பா, ரெண்டு நாளா ஒயுங்கா துன்னாம கீற. காரு வந்துட்டு போனதுலேர்ந்து நீ நீயாவே இல்ல. எங்கிட்ட கூட நெலத்துக்கு இப்பிடித்தான் காருல வந்து, நல்லா பேசிகினு, கையெயுத்து வாங்கிகினு போனாங்க.”

அவளே அந்த இரண்டு பேருக்கும் டோக்கன் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கம்பெனிக்குள் எதுவும் மறையாது. புதன்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தபோதே வனமாமலைக்கு விஷயம் தெரிந்திருந்தது. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினான்.

“கையெழுத்தப் போட்டுருல.”

கொம்பையா மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தான்.

“நான்தான கழட்டுனேன். உள்ளதத்தான எழுதியிருக்காவ. என்னய வேலய விட்டுத் தூக்குவாவ, தூக்கட்டும். போலீசு கேசுல பேரப் போடுவாவ, போடட்டும். உன் கை போயிட்டு. அதுக்கு நான் என்னத்தத் தரப்போறேன்? இதாவது நடக்கட்டும்.”

வனமாமலைக்கு ஒரு தங்கை இருந்தாள், திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு இவன் சம்பளத்தில்தான் ஓடியது. அது கொம்பையாவுக்குத் தெரியும். கொம்பையாவுக்குத் தெரியும் என்பது வனமாமலைக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை கொம்பையா ஷேர் ஆட்டோ பிடித்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனான். எதற்குப் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. எங்கேயாவது ஏறிப் போய்விட வேண்டும், வெள்ளிக்கிழமை என்று ஒன்று வரவே கூடாது. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தான். செங்கல்பட்டு போகும் வண்டிகள் வந்தன, தாம்பரம் போகும் வண்டிகள் வந்தன. எதிலும் ஏறவில்லை. நடுவில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று காதைப் பிய்த்துக்கொண்டு கடந்தபோது, அவன் தன்னையறியாமல் எழுந்து மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். வண்டி போன பிறகுதான் அது தெரிந்தது. பின்னால் நகர்ந்து வந்து சிமெண்டுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தான். வாக்குமூலத்தைச் சொல்லவில்லை, இரண்டு படிப்புகளை மட்டும் சொன்னான். கங்கம்மாளுக்கு காமர்ஸும் தெரியாது, எகனாமிக்ஸும் தெரியாது. எதில் வேலை கிடைக்குமோ அதை எடுக்கச் சொன்னாள். பின்னால் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் மரச்சட்டங்கள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எய்யா, நீ எதையும் படிக்காட்டாலும் பரவாயில்ல. உசுரோட இருய்யா” என்றாள். மகன் குரலிலிருந்து அவள் எதைக் கண்டாளோ, அவன் கேட்கவில்லை. மத்தியானம் அறைக்குத் திரும்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கல்லூரிக்குப் போனான். அலுவலகத்துக்கு வெளியே வராந்தாவில் காசிராஜன் பைலோடு காத்திருந்தார். பி.காம். இடத்துக்கான கடிதத்தை முதலில் எடுத்துக் காட்டினார். அதில் கொம்பையாவின் பெயர் முழுதாக, தப்பில்லாமல் அச்சாகியிருந்தது. அவன் அதை நெடுநேரம் பார்த்தான்.

“சார், இந்த இன்னொரு பேப்பர்ல ஒரு வரிய மாத்தித் தருவீயளா? சூப்பர்வைசர் சொல்லித்தான் வனமாமலை கழட்டுனான்னு. அத மாத்துனா இப்பமே போடுதேன். கேசையும் வாபஸ் வாங்கிக்கிடுதேன்.”

காசிராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேல இருந்து எழுதி வந்தது தம்பி. ஒரு எழுத்தை மாத்தக்கூட எனக்கு அதிகாரமில்லை.” பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். “நீ போடலன்னாலும் அந்தப் பையனை ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டாங்க. உன்னைப் பத்தி மட்டும் நினைச்சுக்கோ.”

அவர் சொன்னது மிரட்டல் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் கொம்பையாவுக்குத் தாங்க முடியவில்லை. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு உள்ளே போய் சங்கரநாராயணன் மேஜை முன்னால் நின்று, எகனாமிக்ஸ் என்றான். அவர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். இடது கையில் கையெழுத்துப் போட்டான். மூன்று இடத்தில் போட வேண்டியிருந்தது, மூன்றும் மூன்று மாதிரி இருந்தன. ஒரே ஆள் போட்டது என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொல்லி, அவர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே பெருவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைநாட்டு வைத்தான். வெளியே வந்தபோது காசிராஜனின் கார் போயிருந்தது.

நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதி அவனுக்கு வரவில்லை. விஷயம் தெரிந்த வனமாமலைக்கு வந்தது கோபம்தான். யார் உன்னிடம் தியாகம் கேட்டது, இனி உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது என்று கத்திவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தான். காசிராஜன் சொன்னபடியே ஆகஸ்டு கடைசியில் கம்பெனி அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினான். கொம்பையாவிடம் சொல்லிக்கொள்ளாமலே போனான். பி.காமும் போயிற்று, யாருக்காகப் போயிற்றோ அவனும் போய்விட்டான்.

பொருளாதார வகுப்பில் பாதிப்பேர் பி.காம். கிடைக்காமல் வந்தவர்கள். ஆசிரியர் நோட்ஸ் சொல்லுகிற வேகத்துக்குக் கொம்பையாவால் எழுத முடியாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பான். அதே வராந்தாவின் கோடியில் காமர்ஸ் வகுப்பு. அந்தப் பக்கம் போகும்போது ஜன்னல் வழியே கரும்பலகையில் கணக்கு தெரியும். நின்று, மனதுக்குள் போட்டு, விடை சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வான். ஒருநாள் அந்த வகுப்பு ஆசிரியர் யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். அதற்குப் பிறகு அவன் சுற்றிக்கொண்டு வேறு படியில் இறங்கினான்.

முதல் செமஸ்டரில் ஐந்து தாளில் மூன்றில் பெயில். விடை தெரியாமல் அல்ல. தேவையும் அளிப்பும் பற்றிய கேள்விக்குப் பாதி பதில் எழுதுவதற்குள் தாளைப் பிடுங்கிவிட்டார்கள். மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழுக்காகக் காஞ்சிபுரத்துக்கு நான்கு முறை அலைந்தான். சான்றிதழ் வந்து, அதைக் காட்டித் தேர்வில் கூடுதல் நேரம் வாங்குவதற்குள் இரண்டாவது செமஸ்டரும் போய்விட்டது. மூன்றாவதிலிருந்து ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. அப்போதும் கடைசிக் கேள்விக்கு வரும்போது இடது தோள் மரத்துப்போயிருக்கும். நின்றுவிடலாம் என்று எத்தனையோ நாள் நினைத்தான். நின்றால் மறுபடியும் முழு நாளும் டோக்கன் நாற்காலிதான் என்ற பயம்தான் அவனை அடுத்த நாள் வகுப்புக்குத் தள்ளியது.

2014-ல் வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்தது. சென்சாரைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டும் என்றார் வக்கீல். லைனில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை. கொம்பையா வேறு வழியில்லாமல், இரண்டு வருடமாகப் பேசாத வனமாமலைக்குப் போன் செய்தான். மறுமுனையில் தையல் மிஷின்களின் இரைச்சல். வனமாமலை தேதியை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். வருவான் என்று கொம்பையா நம்பவில்லை.

வந்தான். இளைத்திருந்தான், மீசையை எடுத்திருந்தான். கம்பெனியின் வக்கீல், சென்சாரைக் கழற்றியது யார் என்று கேட்டார். அவனை மாட்டிவைக்கத்தான் அந்தக் கேள்வி.

“நான்தான் கழட்டுனேன். கழட்டச் சொன்னது சூப்பர்வைசர். எந்தெந்த நாள்ல சொன்னாருன்னு கேட்டாலும் சொல்லுவேன்.”

வழக்கை விசாரித்த அதிகாரி அதை எழுதிக்கொண்டார். வேறு தேதி கொடுத்தார். இருவரும் வெளியே வந்து ஒரு கடையில் தக்காளி சாதம் வாங்கிச் சாப்பிட்டார்கள். கொம்பையா இடது கையில் சாப்பிடுவதை வனமாமலை பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை நர்ஸாகிவிட்டாள் என்றான். பிறகு, இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான்.

“உண்மையச் சொல்லுல. அன்னைக்கு பி.காம். எடுத்திருக்கலாம்னு தோணுதா?”

“தெனமும் தோணுது” என்றான் கொம்பையா.

வனமாமலை தலையைக் குனிந்துகொண்டான். பஸ் வரும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

2015-ல் கொம்பையா பட்டம் வாங்கினான். பழைய பாக்கித் தாள்கள் எல்லாவற்றையும் கடைசி வருடத்தில் சேர்த்து எழுதி, மூன்றாம் வகுப்பில் தேறினான். கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவுகளுக்கு விண்ணப்பம் போட்டபோது எல்லா இடத்திலும் பி.காம். கேட்டார்கள். நான்கைந்து நேர்காணல்களுக்குப் பிறகு, தொழிலாளர்களை ஏற்றிப்போகும் பஸ்களை ஓட்டுகிற ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எந்த ஷிப்டுக்கு எந்த பஸ், எந்த ஊரில் எத்தனை பேர் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் போடுகிற வேலை. மிஞ்சிய விரல்களையும் இடது கையையும் வைத்து அடித்துவிடுகிறான். வழக்கில் வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைத்திருந்தார்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனதால் புதியவர் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்கிறார். அடுத்த மாதம் இன்னொரு தேதி இருக்கிறது. திருப்பூரிலிருந்து இரண்டு நாள் லீவு சொல்லி வைத்திருப்பதாக வனமாமலை நேற்று போன் செய்தான்.